எம்.ஏ. படித்த எண்ணெய்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன்: நாளைக் காலைவரை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். பைக்கில் சரக்கு கொண்டுபோகிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், பைக்குகளுக்கு மெக்கானிக்கும் அவர்தான். நாளைய கூட்டத்துக்கான என் வரவேற்புரையை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பேசப்போவது அதை அல்ல, இதை. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

வீட்டில் அப்பாவாகவும் மேடையில் தலைவராகவும் விளங்கும் மதிப்புக்குரியவரே! கைப்பிடி பிடித்தே கை காய்த்துப்போன பெரியோர்களே! தலைக்கவசத்தை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது எதைப் பார்க்கிறோம்? விலையையா? விளம்பரத்தையா? விற்பவரின் சிரிப்பையா? வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்? பின்வரிசை அண்ணன்மார்களே, சிரிக்காதீர்கள். உங்கள் கையேடு எங்கே கிடக்கிறதென்று உங்களுக்கே தெரியாது!

காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறோர் எண்ணெய். நம் பைக்கிலோ எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு வழுக்கல் வேண்டும், கிளட்சுக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் எண்ணெய் டப்பாவில் எம்.ஏ. என்று இரண்டே எழுத்து இருக்கும்.

போன மாதம் ரொட்டி கொண்டுபோகும் மாமா எங்கள் பட்டறைக்கு வந்தார். நீங்கள் ராக்கெட் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். அவர்மேல் உள்ள பிரியத்தில், கார் எண்ணெய் டப்பாவை என்னிடம் எடுத்துத் தரச் சொன்னார் அப்பா.

"ராக்கெட்டு, புதுக் காருக்கு ஊத்துற ஆயில்யா! வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும் பாரு."

"அப்பா, இதுல எம்.ஏ.ன்னு போடலையேப்பா."

"எம்.ஏ. படிச்ச ஆயில்தான் வேணுமாக்கும்? நீ மொதல்ல பத்தாவது பாஸ் பண்ணும்மா!"

பட்டறையே சிரித்தது. ராக்கெட் மாமாவும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினேன்.

அப்பா சொன்னபடி வெண்ணெய் மாதிரியேதான் ஆனது, கிளட்ச் வழுக்கியது! மேம்பாலத்தில் எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. தினமும் ரொட்டி தாமதம்.

"கிளட்சை அமுக்கிக்கிட்டே ஓட்டுனா வேற என்ன ஆகும்?" என்றார் அப்பா.

"இருபது வருஷமா ஓட்டுறேண்ணே. என் கைமேல தப்பில்ல."

யார் நம்பினார்கள்? அவருடைய ரொட்டித் தடத்தைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுப்பதுதான் இன்றைய மூன்றாம் தீர்மானம். அந்தத் தடம் போனால் அவருக்கு வேறு பிழைப்பு ஏது?

தலைவர் அவர்களே! தீர்மானத்தை நான்கு நாள் தள்ளிவையுங்கள். அந்த எண்ணெயை வடித்துப் பாருங்கள்! எம்.ஏ. ஊற்றிப் பாருங்கள்! மேம்பாலம் ஏறிப் பாருங்கள்! அப்போதும் வழுக்கினால் இதே மேடையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

வண்டி ஏறிவிட்டால்? அப்பா, நீங்கள் தலைகுனிய வேண்டாம். நீங்கள் தெரியாமல் ஊற்றினீர்கள். தெரிந்தே நீட்டியது என் கை.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இன்னும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நன்றி சொல்லி, வணக்

அப்பா கதவைத் தட்டுகிறார். "வரவேற்புரை மனப்பாடம் ஆயிடுச்சாம்மா?"