வரிக் கழிவுக்கு ஒரு அக்கா

சுகிர்தன்: சேலையைச் சுருட்டிப் பிடியுங்கோ அக்கா! மோட்டச்சைக்கிள் சில்லுக்குள்ள போகப்போகுது!

சிவனேஸ்வரி: பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன். நீ முன்னுக்குப் பார்த்து ஓடு. டேய்... ஆடு! ஆடு நிக்குது!

சுகிர்தன்: கண்டிட்டன், கண்டிட்டன். டொக்டர் வெளிக்கிட முதல் போய்ச் சேரோணும். இறுக்கிப் பிடியுங்கோ, ரயில் கேற் போடப்போறான்...

சிவனேஸ்வரி: நிப்பாட்டடா! ரயிலோட என்ன போட்டி உனக்கு?

சுகிர்தன்: ச்சா... போட்டிட்டான்.

சிவனேஸ்வரி: நல்லது. மூச்சு விடுவம். தம்பி, மிளகாய்க்குத் தண்ணி விட்ட மோட்டரை நிப்பாட்டினனோ தெரியேல்ல...

சுகிர்தன்: நான் நிப்பாட்டிட்டன்.

சிவனேஸ்வரி: நீயோ? நீர்ப்பாசன இஞ்சினியர் ஐயா இண்டைக்குத்தான் எங்கட மோட்டரைத் தொட்டிருக்கிறார்!

சுகிர்தன்: நக்கலடியாதேங்கோ.

சிவனேஸ்வரி: சரி, இதைச் சொல்லு. வரி வெட்டுறது உன்ர சம்பளத்தில. ஊசி குத்துறது எனக்கோ?

சுகிர்தன்: எத்தினை தரம் அக்கா சொல்லுறது? உங்கட பேரில மருத்துவக் காப்புறுதி எடுத்தால், அதுக்குக் கட்டுற காசைக் கழிச்சுப்போட்டுத்தான் எனக்கு வரி போடுவினம். காப்புறுதி தர முதல் உங்கட உடம்பைச் சோதிப்பினம். வீடியோவும் போட்டுக் காட்டினனான்.

சிவனேஸ்வரி: அப்ப பிரஷாந்தினியின்ர பேரில எடன். கட்டின பெண்டில் அவளெல்லோ?

சுகிர்தன்: அவளுக்கு... அவளுக்கு அவள் வேலை செய்யிற கந்தோரில ஏதோ இருக்கு.

சிவனேஸ்வரி: ஏதோவோ?

சுகிர்தன்: இருக்கு, இருக்கு.

சிவனேஸ்வரி: இஞ்ச பார். எனக்கெண்டு செலவழிக்கிற கதையெண்டால் இப்பவே இறங்கி நடந்திடுவன்.

சுகிர்தன்: உங்களுக்கு ஆர் செலவழிக்கேலும்? தீபாவளிக்கு எடுத்துத் தந்த சேலையைக் கடையில திருப்பிக் குடுத்திட்டு எனக்குச் சேட்டு வாங்கின ஆள் நீங்கள். இது முழுக்க எனக்கு லாபம். உங்களை வைச்சு உழைக்கப்போறன்.

சிவனேஸ்வரி: அப்பிடியெண்டால் சரி. கேற் திறந்திட்டான். என்ன முழுசிக்கொண்டு நிக்கிறாய்? ஓடு!

...

சுகிர்தன்: மெல்ல இறங்குங்கோ. இதுதான் இடம். ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ.

சிவனேஸ்வரி: கழட்டினால் கொண்டை குலைஞ்சிடும். இதோடயே சோதிக்கட்டும்.

கமலாசனி: ஆர் சிவனேஸ்வரி? வாங்கோ அம்மா. நான் இஞ்ச நேர்ஸ், கமலாசனி. கையை மேல தூக்கி வைச்சுத்தான் ஸ்கான் எடுக்கோணும். நொந்தால் சொல்லுங்கோ, என்ன?

சிவனேஸ்வரி: கையையோ? காப்புறுதிக்கு ரத்தம்தானே பாப்பினம்?

கமலாசனி: என்ன காப்புறுதி? கமக்கட்டுக்குள்ள ஒரு கட்டி, கெதியாப் பாக்கோணுமெண்டு தம்பிதானே நேற்றுப் போனில...

சுகிர்தன்: மிஸ்... மிஸ், கொஞ்சம் பொறுங்கோ...

கமலாசனி: ஐயோ, சொல்லேல்லயோ? நான் உள்ளுக்கு நிக்கிறன். கதைச்சிட்டு வாங்கோ. டொக்டரை மறிச்சு வைக்கிறன்.

சிவனேஸ்வரி: சுகிர்தன்.

சுகிர்தன்: ஓம் அக்கா.

சிவனேஸ்வரி: என்னடா இது?

சுகிர்தன்: கிணத்தடியில நீங்கள் குளிக்கேக்க பிரஷாந்தினி கண்டவள். கேட்டதுக்குச் சூட்டுக் கட்டி எண்டு சமாளிச்சனீங்களாம். அவள் வந்து சொன்ன நேரத்தில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்ல. ஆனால் நான் எப்பிடி அக்கா உங்களிட்ட அதைக் கேக்கிறது? தம்பிக்காரன்... வாய் வரேல்ல.

சிவனேஸ்வரி: வாய் வராததுக்கு வரியோ?

சுகிர்தன்: வேற என்ன சொன்னால் வெளிக்கிடுவியள்? உங்களுக்கு வருத்தமெண்டால் ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திடுவியள். எனக்கு லாபமெண்டால்தான் படியை விட்டு இறங்குவியள். பேசுங்கோ, அடியுங்கோ. திரும்பிப் போவமெண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

சிவனேஸ்வரி: நீ காட்டின வீடியோவில கதைச்சவன் சென்னைக்காரனெல்லோ? அவன் சொன்னது அவங்கட நாட்டு வரி.

சுகிர்தன்: அக்கா...!

சிவனேஸ்வரி: எங்கட விவசாயச் சங்கத்துக் கணக்காளரிட்டயும் கேட்டுப் பாத்தனான். முந்தி இஞ்சையும் அப்பிடிக் கழிச்சவையாம். இப்ப இல்லையாம். உனக்குப் பொய் சொல்லத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாதே?

சுகிர்தன்: எல்லாம் தெரிஞ்சுமோ? பிறகேன் என்ர மோட்டச்சைக்கிளில ஏறினனீங்கள்?

சிவனேஸ்வரி: ...போன மாசம் ரெண்டு தரம் பஸ் எடுத்து இஞ்ச வந்தனான், ராசா. ரெண்டு தரமும் இந்தக் கதவடியில நிண்டிட்டுத் திரும்பிப் போட்டன். தனிய உள்ளுக்குப் போகப் பயமாக் கிடந்தது.