தேன் நிறத்தில் ஒரு கசிவு

எவாரிஸ்டோ: இஞ்சின் சுடுதே, அம்மா.

டெல்ஃபினா: காலையில கொஞ்சம் ஓட்டினேன்... பேட்டரி ஏறணும்ல.

எவாரிஸ்டோ: டீசல் படகு வாங்க வர்றவன் ஆறின இஞ்சினைத்தான் கிளப்பிப் பார்ப்பான். முன்னாலேயே சூடாக்கி வச்சா, எதையோ மறைக்கிறீங்கன்னு...

டெல்ஃபினா: நினைக்கட்டும். புகை வேற கக்கும். சொல்லிட்டேன்.

எவாரிஸ்டோ: விக்கிறவங்க வாயால இதைக் கேட்டதே இல்ல.

டெல்ஃபினா: அடியில பாருங்க தம்பி, எண்ணெயும் ஒழுகுது. உங்களுக்கு முன்னால நாலு பேர் வந்தாங்க. அதைப் பார்த்ததும் அடுத்த ரயிலைப் பிடிச்சு ப்யூனஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்துட்டாங்க.

எவாரிஸ்டோ: அந்த டார்ச்சைக் கொடுங்க... ம்.

டெல்ஃபினா: என்ன, ம்?

எவாரிஸ்டோ: ஒண்ணுமில்ல. கெட்டில் கூடச் சுடுது.

டெல்ஃபினா: மாத்தே டீ போட்டேன். படகு விக்கிறவளுக்குத் தாகம் எடுக்கக் கூடாதா?

எவாரிஸ்டோ: எடுக்கலாம். கேபின்ல தலையணை, மூக்குக்கண்ணாடி, மாத்திரை...

டெல்ஃபினா: வீட்டுக்காரர் சாமான். அவர் தவறி எட்டு மாசம் ஆச்சு.

எவாரிஸ்டோ: மாத்திரை போன வாரம் வாங்கினதா இருக்கே.

டெல்ஃபினா: படகு வாங்க வந்தீங்களா, என்னை விசாரிக்க வந்தீங்களா?

எவாரிஸ்டோ: வாங்கத்தான். விளம்பரத்துல போட்ட முழு விலை, டாலராவே. சாவி இன்னைக்கே வேணும்.

டெல்ஃபினா: இன்னைக்கேவா... இத்தனை கோளாறு சொல்லியும்?

எவாரிஸ்டோ: எது கோளாறு? டீசல் இஞ்சின்ல ஊத்தின எண்ணெய் கொஞ்ச நேரத்துல கரி மாதிரி கறுத்துடும். இங்க ஒழுகியிருக்கறது தேன் மாதிரி மின்னுது. இது இஞ்சினுக்குள்ள போகவே இல்ல, அம்மா. டப்பாவுல இருந்து நேரா தரைக்கு வந்திருக்கு.

டெல்ஃபினா: முதல்ல அந்த டார்ச்சை அணைங்க.

எவாரிஸ்டோ: ஏன் ஊத்தினீங்க?

டெல்ஃபினா: மெதுவா. பக்கத்துப் படகுக்காரருக்குப் பாம்புக் காது... என் மகன் ராமிரோ ரொசாரியோ நகரத்துல உக்காந்துக்கிட்டு விளம்பரம் போட்டுட்டான். படகு அவன் பேர்ல. நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

எவாரிஸ்டோ: இல்லையா?

டெல்ஃபினா: அங்க மூணு நாள் தாங்கல. இந்தக் கேபின்தான் வீடு.

எவாரிஸ்டோ: அதை அவன்கிட்டயே சொல்றதுதானே?

டெல்ஃபினா: சொன்னா கூட்டிட்டுப் போய் ஹால் சோபாவுல போடுவான். நான் மாத்தே குடிக்கிறப்பல்லாம் மருமக கடிகாரத்தைப் பார்ப்பா. வாங்காதீங்க தம்பி... கெஞ்சிக் கேக்கறேன்.

எவாரிஸ்டோ: வாங்க எனக்கு வக்கு ஏது? வர்றவங்க எல்லாம் ஏன் ஓடறாங்கன்னு பார்த்துட்டு வரச் சொல்லி ராமிரோ அனுப்பின மெக்கானிக் நான். இஞ்சின் அவ்வளவுதான்னு அவன்கிட்ட சொல்லிடறேன்... நாளைக்கு ஒரு டப்பா பழைய எண்ணெய் கொண்டு வர்றேன், நல்ல கறுப்பா. அடுத்த ஆள் வர்றதுக்குள்ள இதைத் துடைச்சுட்டு அதை ஊத்துங்க.