நூற்று நாற்பது சென்டிமீட்டர்

“அந்த வீடியோவுல பாத்த கம்பெனிக்காரன் ரோலர் கோஸ்டர் செஞ்சா, மடியில சோத்துப் பார்சல வச்சுக்கிட்டே சிந்தாம தலைகீழா போகலாம்டி” என்று முன்சீட்டில் ஒருத்தி சொன்னதும், நான் போனைப் பைக்குள் போட்டேன்.

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு வரும் காலை பஸ். இரண்டு பேரும் கார்மெண்டில் தைப்பவர்கள், ரோலர் கோஸ்டரை வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அப்படிச் சொன்ன குள்ளமானவள் அடுத்த வாரம் ஹோட்டல் வேலைக்கு டுபாய் போகிறாள்.

“உச்சியில ஒரு செக்கன் நிப்பாட்டுவான் பாரு. சொல்லிட்டுத்தான் தள்ளி விடுவான். அதுல ஒரு மரியாதை இருக்கு.”

“இந்த பஸ்ஸ யாருடி செஞ்சிருப்பா?”

“இது மரத்துல கோஸ்டர் தண்டவாளம் போடுற இன்னொரு கம்பெனி. இடுப்ப ஒடிச்சுத்தான் எறக்குவான்.”

“அங்க போய் மொத லீவுலயே ஏறிருவியா?”

“நூத்தி நாப்பது சென்டிமீட்டர் இல்லாட்டி ஏத்த மாட்டாங்களாம். அதான் பயமா இருக்கு.”

மற்றவள் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். ஆள் ஏற்ற பஸ் ஒரு ஹோல்டில் நின்றது.

“எந்திரி. செருப்பக் கழட்டு. அம்பத்தஞ்சேகால்.”

“ஐயோ, காணாதே! நூத்தி நாப்பதுக்கு எவ்வளவு குறையுது!”

“அது அங்குலம்டி, லூசு! இரு, டேப்பத் திருப்புறேன். கொண்டைய அமுக்கு.”

“அமுக்கிட்டேன். சொல்லுடி!”

“நூத்தி நாப்பது! கொண்டை இல்லாமலே!”

பஸ் கிளம்பி வளைவில் சாய்ந்தது. குள்ளமானவள் உட்காரவில்லை. ரோலர் கோஸ்டரில் போகிறவள் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

“தங்கச்சி, கம்பியப் பிடிங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

“பரவால்லண்ணே, எனக்கு உயரம் காணும்!”