கம்ப்யூட்டர் போட்ட மூனு கடிதம்

எல்ஸி: இப்ப எப்படிண்ணே இருக்கு?

பத்துமலை: இல்லாத காலுதான் அரிக்குது மிஸி. சொறியலாம்னு கையக் கொண்டு போனா... மெத்தைதான் இருக்கு.

நல்லம்மாள்: காலையிலேருந்து இதே பேச்சுதான். உக்காருங்க மிஸி. கிளினிக்லேருந்து நர்சு உடுப்போடயே நேரா வாரீங்களா?

எல்ஸி: ஆமாக்கா. நான் வந்தது டாக்டருக்குத் தெரியாது. அண்ணே, ஒன்னு கேக்கணும். எண்பத்தாறுல கம்ப்யூட்டர் வாங்கினதிலேருந்து உங்களுக்கு மூனு கடிதம் அனுப்பினோம். வந்துச்சா?

நல்லம்மாள்: ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதுவா? சாமி படத்துக்குப் பின்னாலதான் வச்சிருக்கேன். எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்களாமே, இவருதான் சொன்னாரு.

எல்ஸி: நல்லா இருக்குன்னா...?

பத்துமலை: விடு நல்லம்மா.

நல்லம்மாள்: அரை மணி நேரம் கையில வச்சுப் பார்த்துட்டுத்தானே சொன்னீங்க.

எல்ஸி: அக்கா... அதுல ரத்தத்துல சர்க்கரை, இனிப்பு நீர், ஏறிக்கிட்டே போகுதுன்னு இருந்துச்சு. ஏழுக்குள்ள இருக்கணும், மொத கடிதத்துல பதினாலு, அடுத்ததுல பதினேழு. மூனாவதுல, கால்ல புண்ணு இருந்தா உடனே வாங்கன்னு...

நல்லம்மாள்: அப்ப கட்டவிரல்ல சின்னதாத்தானே இருந்துச்சு... நான் மஞ்சள் வச்சுக் கட்டினேன்.

பத்துமலை: எனக்கு இங்கிலீசு வராது மிஸி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம். அப்புறம் ரப்பர் பால் வாளியத் தூக்கிட்டேன்.

எல்ஸி: கவுன்டர்ல கேட்டேனேண்ணே, கடிதம் அனுப்பினா படிப்பீங்களான்னு.

பத்துமலை: பின்னால வரிசையில நம்ம ஊரு புந்தோங் ஆளுங்க நாலு பேரு. கோயில் கமிட்டியில என்னைத் தலைவருன்னு கூப்புடுறவங்க. அங்க எப்படிலா தெரியாதுங்கிறது? அப்புறம் வீட்டுலயும் அதையே...

நல்லம்மாள்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்ட காட்டியிருப்பேனே...

பத்துமலை: மிஸி முன்னால வேணாம் நல்லம்மா.

நல்லம்மாள்: ஒரு வார்த்தைங்க.

பத்துமலை: தப்பு எம்மேலதான். மிஸி, நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க. வீணா மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க.

எல்ஸி: இல்லண்ணே... எனக்கு அப்பவே தெரியும். ஃபாரத்துல எங்க கையெழுத்துன்னு நான் விரல் வச்சுக் காட்டின பிறகுதானே போட்டீங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு வீடு தேடிப் போய் வாயால சொல்லணும்னுதான் டாக்டர் சொல்லியிருந்தாரு. புந்தோங்ல மட்டும் நாப்பது வீடு, எல்லாம் என் லீவு சனிக்கிழமையில போகணும்... நாப்பது பேருக்குமே கம்ப்யூட்டர்ல 'படிக்கத் தெரியும்'னு அமுக்கிட்டேன்ண்ணே.