மேலே போன வரி

டீக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

நான் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் புரோகிராமர். நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸிடம் நான் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு மென்பொருள் உண்டு. நான் எழுதும் வரிகளை அதுதான் கேள்வியாக மாற்றிக் கேட்கும். சொன்னதை, சொன்ன வரிசையிலேயே செய்யும். எங்கள் வீட்டில் யாரும் அப்படி இல்லை.

தினமும் காலையில் அது ஒரு கணக்கு எடுக்கும். முதலில் இறப்புகளை வார்டு வாரியாகத் தொகுத்து எண்ணும். பிறகு, நோய்த்தொற்று உறுதியான ஒரு சாவாவது உள்ள வார்டுகளை மட்டும் வடிகட்டி எடுக்கும். அந்த வார்டின் மொத்தச் சாவு குறித்து வைத்த அளவைத் தாண்டியிருந்தால் மேலதிகாரிகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை போகும். வார்டை மூடிவிடுவார்கள்.

பச்சிளங்குழந்தை வார்டின் தலைமை நர்ஸ் என் அக்கா. அத்தான் விட்டுவிட்டுப் போனபிறகு இரண்டு பெண்களையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். வார்டில் தொற்று புகுந்து குழந்தைகள் சாகத் தொடங்கியிருந்தன.

"வார்ட மூடினா மொதல்ல என்னத்தான்டா வீட்டுக்கு அனுப்புவாங்க. ரெண்டு நாள் பொறுத்துக்க. நானே கழுவிச் சுத்தம் பண்ணிடறேன்."

அக்கா கேட்டு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வடிகட்டும் வரியைத் தொகுக்கும் வரிக்கு மேலே நகர்த்தினேன். அவ்வளவுதான். அதன்பிறகு, தொற்று உறுதியான சாவுகள் மட்டுமே எண்ணிக்கைக்குள் வந்தன. அந்த வார்டில் சாகும் குழந்தைகளில் பெரும்பாலானவை தொற்றுப் பரிசோதனை முடிவு வருவதற்குள் போய்விடும். போனபிறகு யாரும் முடிவைக் கேட்பதில்லை. கணக்கு பச்சையாகவே இருந்தது.

கழுவியும் தொற்று போகவில்லை. அடுத்த வாரம் அக்கா அழுதுகொண்டே வந்தாள்.

"இன்னைக்கும் ஒண்ணு போயிடுச்சுடா. என் வேல போனாப் போகட்டும். அத பழையபடி மாத்திடு."

"சரிக்கா, மாத்திடறேன்" என்றேன்.

மாற்றவில்லை. மாற்றினால் மறைத்ததெல்லாம் ஒரே காலையில் சிவந்துவிடும். அப்புறம் வேலை மட்டுமா போகும், அவள் ஜெயிலுக்கல்லவா போவாள். அவளோ எச்சரிக்கை போய்விட்டதென்று நம்பி, மேலிடத்திலிருந்து யாராவது வருவார்கள் என வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. புதுக் குழந்தைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எனக்கும் மனசு கேட்கவில்லைதான். என்ன செய்வது, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்: நான் எந்தக் குழந்தையையும் அழிக்கவில்லை. எல்லோரும் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறார்கள். அந்த வரியைக் கீழே இறக்கினால் போதும், ஒருவர் விடாமல் திரும்பி வந்துவிடுவார்கள்.