ஏழு பிளேடு, ஒரு நாய்

இட்லிக்குச் சட்னி கொஞ்சம் வைக்கட்டுமா என்று யாராவது கேட்டால் நான் கோபப்படுவதில்லை. எத்தனை கரண்டி என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். என் மனைவி அமிர்தம் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. சட்னிக் கிண்ணத்தையே என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்ஸ்பெக்டர் சார், நான் தெளிவை விரும்புகிறவன். என் குற்றம் அவ்வளவுதான்.

பெயர் தட்சிணாமூர்த்தி. அண்ணாமலை நகரில் வீடு. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பது தொழில். சிதம்பரத்தில் ஸ்பானிஷ் தெரிந்த இன்னொருவரை நான் சந்தித்ததில்லை. அதனால் என் வேலையில் யாரும் தவறு கண்டுபிடித்ததும் இல்லை.

2009-இல் தேவசகாயம் என்னைத் தேடி வந்தார். கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இறால் உரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு பக்கம் இறாலைக் கொட்டினால் மறுபக்கம் ஓடில்லாமல் வந்து விழும். ஈக்வடார் நாட்டுக் கம்பெனி ஒன்று அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்க ஆசைப்பட்டது. அதற்கு முன்னால் அந்த நாட்டில் காப்புரிமை பதிய வேண்டும், அதுவும் ஸ்பானிஷில். மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த இயந்திரத்தையே கட்டிக்கொண்டு கிடந்த மனிதர். அது போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆங்கில மூலத்தை எழுதியவள் அவர் மகள் எழிலரசி, சென்னையில் வக்கீல். படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. ‘ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுகள்’ என்கிறாள். எத்தனை? ‘ஏறக்குறைய தட்டையான மேடை.’ தட்டையா, இல்லையா? ‘பொருத்துவதற்கான ஏதேனும் ஒரு சாதனம்.’ போல்ட்டா, கயிறா? போன் செய்தேன்.

“அங்கிள், அது வேணும்னேதான் அப்பிடி எழுதியிருக்கு. ஏழு பிளேடுன்னு எழுதிட்டா, எவனாவது எட்டு போட்டு இது வேற மெஷின்னு சொல்லிட்டுப் போயிடுவான். எவ்ளோ மழுப்பலா இருக்கோ அவ்ளோ பாதுகாப்பு. அப்பிடியே ஸ்பானிஷ்ல குடுங்க. ஒண்ணையும் தெளிவாக்கிடாதீங்க, ப்ளீஸ்” என்றாள்.

சரிம்மா என்றேன். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

இயந்திரத்தை நான் அளப்பதைப் பார்த்து தேவசகாயம் சிரித்தார். “இன்னா சார், மெஷினுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?”

பிளேடுகளை எண்ணினேன், ஏழு. மேடையின் இடது மூலையில் ஒரு நெளிவு. மோட்டாரைச் சாக்குக் கயிற்றால் கட்டியிருந்தார். பச்சைப் பெயிண்ட். கீழே, உதிரும் இறால் தலைகளுக்காகக் காத்துக்கொண்டு ஒரு செவலை நாய். எல்லாவற்றையும் ஸ்பானிஷில் எழுதினேன். நாய் மூலத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தபோது இருந்தது.

விண்ணப்பம் பதிவானது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை.

சிக்கல் பிறகுதான் வந்தது. ஈக்வடார்காரர்கள் நேரில் வருவதாகத் தகவல் வந்ததும் தேவசகாயம் இயந்திரத்தைச் சீர்படுத்தத் தொடங்கினார். வேகத்துக்காக இரண்டு பிளேடுகளைச் சேர்த்தார். நெளிவைத் தட்டி நிமிர்த்தினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு போல்ட் போட்டார். விருந்தாளிகள் முன் அசிங்கமாக இருக்குமென்று நாயை ஸ்ரீமுஷ்ணத்திலிருக்கும் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெருமையாக எனக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே மூச்சில் என் மொழிபெயர்ப்பில் நான்கு பிழைகளை உண்டாக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு மாதா கோயில் பூசைக்குப் போன நேரத்தில் பட்டறைக்குள் போனேன். இரண்டு பிளேடுகளைக் கழற்றினேன். போல்ட்டை எடுத்துவிட்டுக் கயிறு கட்டினேன். இடது மூலையில் சுத்தியலால் அடித்தேன். டேப் வைத்து அளந்து அளந்துதான் அடித்தேன். பழைய நெளிவுக்கும் இதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் கிடையாது. ஸ்ரீமுஷ்ணத்தில் முன்தினமே பிடித்து வைத்திருந்த நாயை ஆட்டோவிலிருந்து இறக்கி அதன் இடத்தில் கட்டினேன். ஆட்டோக்காரர் காத்தவராயன் மட்டும் கேட்டார்: “சார், இது உங்க நாயா?” ஈக்வடார் அரசாங்கத்தில் பதிவான நாய் என்றேன். அவர் வாடகையை எண்ணிக்கூடப் பார்க்காமல் ஆட்டோவைத் திருப்பினார்.

திங்கட்கிழமை ஈக்வடார்காரர்கள் வந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். தேவசகாயம் அவர்களோடுதான் பட்டறைக்குள் வந்தார்; அவர்கள் முகத்தையே பார்த்தபடி சிலுவை போட்டுக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினார். புதிய வேகத்துக்கு மாற்றியிருந்த மோட்டார் கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்தது. இறால்கள் ஓட்டோடு பறந்தன. ஒன்று, வந்திருந்தவர்களில் ஒரு பெரியவரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

“சனிக்கிழமை நல்லா ஓடுச்சு சார்! சொல்லுங்க சார் அவுங்ககிட்ட!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் தேவசகாயம்.

நான் அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூடாமல், குறையாமல். அவர்கள் விண்ணப்பத்தைப் பிரித்து ஒருமுறை படித்தார்கள். குனிந்து நாயைப் பார்த்தார்கள். மறுபடி படித்தார்கள். பெரியவர் மிகவும் மரியாதையாகக் கை குலுக்கிவிட்டுப் போனார். இப்போது அங்கே எட்டு பிளேடு, நீலப் பெயிண்ட், நாயில்லாமல் தயாரிக்கிறார்களாம். சட்டப்படி அது வேறு இயந்திரம். தேவசகாயத்துக்கு ஒன்றும் வராது. எழிலரசி புகார் கொடுத்திருப்பது நியாயம்தான்.

பட்டறைக்குள் நுழைந்தது நான். பிளேடைக் கழற்றியது நான். நாயைத் திருடியதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் சார். அறுந்த கயிற்றையும் அன்றே முடிச்சுப் போட்டுவிட்டேன்; இன்றைக்கு அந்த இயந்திரமும் என் மொழிபெயர்ப்பும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

வெளியே உங்கள் ஏட்டு பேசிக்கொண்டிருந்தார், அந்த நாய் போன வாரம் இயந்திரத்துக்கு அடியிலேயே நான்கு குட்டி போட்டிருக்கிறதாம். மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு நாய்தான் இருக்கிறது.

என்னை எப்போது விடுவீர்கள் சார்?