இமை வச்ச பாம்பு

இல்ல சார், இந்தப் பக்கம் திரும்பாதீங்க. செவுத்தப் பாத்தே படுத்திருங்க. ரத்தத்தப் பாத்தா தல சுத்தும்னு நீங்கதானே சொன்னீங்க, அதுக்குத்தானே நடுவுல துணியக் கட்டி மறைச்சு வச்சிருக்கேன். மரத்துப் போற கிரீம் தடவி முக்கா மணி நேரமாச்சு, இனிமே எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். பெல்ட்டு இறுக்கமா இருக்கா? இருக்கட்டும். போன வாரம் ஒருத்தன் பெல்ட்டெல்லாம் வேணாம், நான் கல்லு மாதிரி உக்காருவேன்னான். பாதியில தும்மிட்டான். கையில குத்திக்கிட்டிருந்த காதலி பேருல ஒரு கொம்பு கூடுதலா முளைச்சிருச்சு. இப்ப அவ பேசுறதில்லையாம்.

ஆங், எங்க விட்டேன்? உங்க பேத்தி. உங்க கையில குத்தியிருக்கற பாம்பப் பாத்து வீல்னு கத்துறா, தூக்க வந்தா கிட்டயே வர மாட்டேங்கறா, கனவுலயும் வருதுன்னு அழுவுறான்னு சொன்னீங்க. அதனாலதான் இதை மூடி மேல ரோஜாக்கொடி போடணும்ங்கறீங்க. நல்ல தாத்தா. கனவுல அந்தப் பாம்பு என்ன பண்ணுதாம்? கேக்கலையா? கேளுங்க சார். சின்னப் புள்ள பாம்புன்னு சொன்னா, என்ன பாம்பு, எங்க பாத்தேன்னு உக்காந்து கேக்கணும். கேக்காம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

எனக்கும் பாம்புக் கனவுதான். ஆறு வயசுலேர்ந்து, இருபத்திரண்டு வருஷமா, ஒரே பாம்பு. அர்த்தம் கேக்காத ஆளில்ல. என்னை வளத்தது அத்தை, அப்பாவோட அக்கா. அவங்க சொல்லுவாங்க, எதிரி ஒருத்தன் இருக்கான்டி, அதான் காட்டுதுன்னு. மாடி வீட்டு டெய்லரம்மா, பாம்பு சுத்துனா கல்யாணம் கூடி வரும்னாங்க. அப்ப எனக்கு ஏழு வயசு. பஸ் ஸ்டாண்டுல கனவுப் பலன்னு ஒரு புத்தகம் வாங்கினேன். கடிச்சா நல்லது, துரத்தினா கெட்டது, செத்த பாம்பப் பாத்தா எதிரி ஒழிவான்னு வரிசையா போட்டிருந்தான். பாம்பு ஒரு பொம்பளையோட கழுத்த இறுக்கிக்கிட்டே நம்மளப் பாத்துக் கண்ண மூடி மூடித் தொறந்தா என்ன பலன்னு மட்டும் போடல. ஒரு டாக்டர், அது பாம்பே இல்லம்மா, உன் பயம்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. சாப்ட்டேன். பாம்பு அதே பாம்புதான், கொஞ்சம் மெதுவா வந்துச்சு.

சும்மா விடுவேனா நான்? கனவுல தெனமும் கொல்லுவேன். கத்திரிக்கோலால துண்டு துண்டா நறுக்குவேன், துண்டெல்லாம் ஒட்டிக்கிட்டு எழுந்து வரும். சூடா இருக்கற இஸ்திரிப் பெட்டிய அது தல மேல வச்சு என் முழு பாரத்தையும் போட்டு அழுத்துவேன். தோலு சுருங்கும், பொசுங்கற நாத்தம் மூக்குல ஏறும், கண்ணு மட்டும் சாவாது. ஒரு தடவ பல்லாலயே அது கழுத்தக் கடிச்சுத் துப்பினேன். முழிச்சுப் பாத்தா வாயெல்லாம் ரத்தம். என் கைய நானே கடிச்சிருக்கேன். இதோ தழும்பு. ஓ, நீங்க திரும்பக் கூடாதுல்ல. கல்யாணமான மூணாவது மாசம் எங்க வீட்டுக்காரர் கழுத்துல என் பத்து நகமும் இறங்கியிருந்துச்சு. தங்கமான மனுஷன். நல்ல வெயில் காலத்துல கழுத்துல மப்ளரச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனாரு, கேட்டவங்ககிட்ட சளின்னு சொல்லிட்டாரு.

வலிக்குதா? இல்லல்ல. கைதான் இறுகுது, தளத்தி விடுங்க. இறுக்கினா கோடு கோணும்.

எங்க அம்மாவுக்கு இஸ்திரி போடற வேலை. வீட்டு முன் ரூமுலயே மேசையப் போட்டு, மேல கம்பளி, அதுக்கு மேல வெள்ளைத் துணி, அது தரை வரைக்கும் தொங்கும். அதுக்கு அடியிலதான் என் ராஜ்ஜியம். பொம்மை, நோட்டு, கலர் பென்சில் எல்லாம் அங்கதான். அன்னிக்கு மத்தியானம் மூணு மணி இருக்கும். யாரோ வந்தாங்க. அம்மா, வேணாம், வெளிய போங்கன்னு மெதுவாத்தான் சொன்னாங்க, தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அப்புறம் மேசை ஆடுச்சு. அம்மா தடால்னு கீழ விழுந்தாங்க, தல என் பக்கம். துணி இடுக்குல அம்மா மூஞ்சியும் அம்மா கழுத்துல ஒரு கையும் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல எதுவும் தெரியல. கை முழுக்கப் பாம்பு. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் மூணரைச் சுத்து, மணிக்கட்டுல தல. கை இறுக இறுக அந்தத் தசை அசையும்ல, அப்ப பாம்பு கண்ண மூடும். கொஞ்சம் தளந்தா தொறக்கும். அம்மா கால் ரெண்டும் தரையில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் அம்மா கண்ணப் பாக்கல சார், பாம்புக் கண்ணத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னை நான் மன்னிக்கல. மேல சட்டை ஒண்ணு பெட்டிக்கு அடியில கருகிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சட்டைய வாங்கிட்டுப் போக அப்புறம் யாருமே வரல.

அரை மணி நேரத்துல அப்பா சாப்பிட வந்தாரு. பஸ் டிப்போவுல மெக்கானிக். அம்மாவ மடியில போட்டுக்கிட்டுக் கத்தினாரு. காலையில அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு சண்டை, ஸ்கூல் சேக்கற விஷயமா, தெருவே கேட்டிருக்கு. போதாதா? கழுத்துல விரல் பதிஞ்சிருக்கு, மடியில புருஷன் வச்சிருக்கான். அங்கயே அவர் மூஞ்சியில ஒரு போலீஸ்காரன் பூட்ஸ் காலால உதைச்சான். முன் பல்லு ரெண்டு நான் இருந்த மேசைக்கடியில வந்து விழுந்துச்சு. அப்புறம் ஸ்டேஷன்ல அஞ்சு நாள். வெளிய கூட்டிட்டு வந்தப்போ வலது கைவிரல் எதுவும் நேரா இல்ல.

நான் சொன்னேன் சார். எல்லார்கிட்டயும் சொன்னேன். அம்மாவக் கொன்னது அப்பா இல்ல, பாம்புன்னு. ஆறு வயசுல அவ்வளவுதான் சொல்லத் தெரிஞ்சுச்சு. பச்சை குத்தறதுன்னா என்னன்னு அந்த வயசுல எனக்கு எங்க தெரியும். பாவம் புள்ள பயந்துருச்சுன்னாங்க. தெரு ஆளுங்க நாலு பேரு கம்ப எடுத்துக்கிட்டு வந்து, சாக்கடையோரம் திரிஞ்ச ஏதோ ஒரு பாம்ப அடி அடின்னு அடிச்சு, குடல் பிதுங்க என் முன்னாடி தூக்கிக் காட்டி, செத்துருச்சு பாரு, இனி பயப்படாதன்னாங்க. இது இல்லன்னு நான் அழுதேன். இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கொஞ்சம் பொறுமைசாலி. அந்தப் பாம்ப வரைஞ்சு காட்டுன்னு பேப்பரக் குடுத்தாரு. வரைஞ்சேன். மூணரைச் சுத்து, தல, கண்ணு, கண்ணுக்கு மேல இமை, இமையில மூணு முடி. பாத்துட்டு சிரிச்சாரு. பாம்புக்கு ஏதும்மா இமை, அதுதான் கண்ண மூடவே மூடாதேன்னாரு. கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னாங்க. இல்லாத பாம்ப இந்தப் புள்ள கற்பனை பண்ணுது, அப்பனக் காப்பாத்த யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு. அந்தப் படம் இன்னும் கேஸ் கட்டுல இருக்கு.

அப்பாவும் இன்னும் உள்ளதான் இருக்காரு. நடுவுல ஒரு தடவ விடறோம்னாங்க. செஞ்சது தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. வளைஞ்ச விரலாலயே பேனாவ எட்டத் தள்ளி விட்டாராம். முப்பத்தி மூணு வயசுல போனவரு. இப்ப அம்பத்தஞ்சு. உங்க வயசுதான் இருக்கும்.

என்ன சார், வேர்க்குது? ஃபேன கூட்டவா? எழுந்திருக்காதீங்க. நரம்புக்கு மேல நிக்குது ஊசி, மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க இழுத்தா உங்களுக்குத்தான் ஆபத்து, எனக்கென்ன.

ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு போன தடவ கேட்டீங்கல்ல. பதினஞ்சு வயசுல பஸ்ல ஒருத்தன் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னான், கையில தேள் குத்தியிருந்தான். பஸ் குலுங்கக் குலுங்க தேள் கொடுக்க ஆட்டுச்சு. அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு, நான் பாத்தது என்னன்னு. அதுக்கப்புறம் எத்தனை கை பாத்திருக்கேன். பாம்பு குத்தின கையா ஒரு நூறு இருக்கும். எல்லாம் ஒழுங்கான பாம்பு, இமையில்லாத பாம்பு. பாம்பு வரையறவன் எவனும் இமை போட மாட்டான். பொம்பளக் கண்ண மட்டுமே வரைஞ்சு பழகினவன் போட்டாத்தான் உண்டு.

செவ்வாய்க்கிழம நீங்க வந்தீங்க. ரோஜாக்கொடி போடணும்னீங்க. பழசை மூடறதுக்கு முன்னாடி அதை அப்படியே கண்ணாடித் தாள்ல கோடு எடுத்துக்கணும், எதுக்கு மேல எந்த இலை வரணும்னு தெரியறதுக்கு. அது எங்க வேலை முறை. தாள வச்சு வாலுலேர்ந்து வந்தேன். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு, அப்புறம் அரை. மணிக்கட்டுக்கு வந்தேன். யார் சார் போட்டாங்கன்னு கேட்டேன். லாரிக்குப் பெயின்ட் அடிக்கற சிநேகிதன்னு சிரிச்சீங்க. லாரிக்குப் பின்னாடி பொம்பளக் கண்ணு வரையறதுல கெட்டிக்காரன், அதான் பாம்புக்கும் இமை வச்சுட்டான் மடையன்னீங்க. மூணு முடி. கைய மடக்குங்க சார்னேன். மடக்கினீங்க. அது கண்ண மூடுச்சு.

சிவப்பு மை தீந்துருச்சு, சனிக்கிழம வாங்கன்னு சொன்னேன்ல. மையெல்லாம் இருந்துச்சு. அன்னிக்கே போட்டோ எடுத்தது உங்களுக்கே தெரியும், ரோஜாவுக்குன்னு நினைச்சு நல்லா காட்டினீங்க. அப்பா கேஸப் பாக்கற வக்கீலம்மா கேஸ் கட்டுலேர்ந்து என் படத்தோட நகல எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சாங்க. ஆறு வயசுக் கோணல் மாணல்தான். ஆனா சுத்து சரியா இருந்துச்சு, முடி சரியா இருந்துச்சு. அவங்க ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க.

இல்ல சார், கத்தாதீங்க. உங்க பேரே என் வாயில வரல, நான் எந்தப் பழியும் போடல. கனவுக்கு அர்த்தம் கேட்டுக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். ஊசிய எடுத்துட்டேன், மெஷின நிறுத்திட்டேன். கொன்னுடலாம்னு தோணலையான்னா, தோணுச்சு. நேத்து பூரா தோணுச்சு. இந்த மணிக்கட்டு நரம்பு எனக்கு அத்துப்படி. ஆனா நீங்க செத்துட்டா எங்கப்பா எப்படி வெளிய வருவாரு?

துணிய எடுக்கறேன், இப்பத் திரும்பலாம். ரோஜா இல்ல சார். ஒரு இதழ் கூடப் போடல. மங்கிக் கெடந்தத, கோடு மாறாம, அதே சுத்துல, கருகருன்னு ஏத்தி விட்டிருக்கேன். ரெண்டு மணி நேரம் நின்னு பண்ணினது. இவ்வளவு கறுப்பு ஏத்தின பிறகு எந்தக் கடைக்காரனாலயும் மூட முடியாது. இமை ரொம்ப நல்லா வந்திருக்கு.

பெல்ட்ட நான் கழட்டல. வெளிய சோஃபாவுல உக்காந்திருக்கறவங்க கஸ்டமர் இல்ல, அவங்க வந்து கழட்டுவாங்க. அதுக்குள்ள எப்பவும் சொல்றதச் சொல்லிடறேன். சொறியக் கூடாது. உரியற தோல பிய்க்கக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு சோப்பு படக் கூடாது, வெயில் படவே கூடாது. வெயில் அங்க அவ்வளவா வராதாம் சார். அப்பா சொன்னாரு.